கிச்சன் தராசு, ஒரு முழம் நூல்: வீட்டுலயே கல்லோட டென்சிட்டி கண்டுபுடிக்கிறது எப்படி

எம்பொண்ணு செகண்டரி ஒன்னு. ஜூன் லீவுல ஒரு நாள் கிச்சன் மேசையில ஒரு கல்ல வச்சுகிட்டு கால்குலேட்டரும் கையுமா உக்காந்திருந்தா. "அம்மா, இதுக்கு 3.74 வருது, இது என்ன கல்லு?"ன்னா. பாத்தா சாதாரண கருங்கல்லு, செடி வாங்கப் போனப்ப நர்சரிக்காரர் சும்மா குடுத்தது. கருங்கல்லுக்கு 3.74 வரவே வராதுங்க, 2.6ல இருந்து 2.75க்குள்ளதான் நிக்கணும். கல்லு சரியாத்தான் இருக்கு, அளந்த விதத்துலதான் கோளாறு. அன்னைக்கு ஆரம்பிச்சது, லீவு முடியற வரைக்கும் எங்க வீட்டு சிங்க் பக்கத்துல கல்லுதான். அதுல கத்துகிட்டத எழுதறேன், புள்ளைங்களோட உக்காந்து பண்ணிப் பாக்கறவங்களுக்கு உதவும்.

டென்சிட்டின்னா அடர்த்தி, எடைய கொள்ளளவால வகுத்தா வந்துரும், அவ்வளவுதான். ஆனா பூமி சம்பந்தப்பட்ட பாடத்துல இத ஏன் மொதல்லயே கொண்டாந்து வைக்கிறாங்கன்னா, கல்லு சின்னதோ பெருசோ, ஒடச்சாலும் சரி, அந்த நம்பர் மாறாது. எடை மாறும், சைஸ் மாறும், இது மட்டும் அந்தக் கல்லோட கொணம் மாதிரி கூடவே இருக்கும். தண்ணிக்கு 1, கருங்கல்லுக்கு 2.7 பக்கம், எரிமலைக் கொழம்பு ஆறி வர்ற பசால்ட்டுக்கு 2.9 பக்கம், தங்கம் மாதிரி மினுக்கி ஏமாத்தற பைரைட்டுக்கு 5, அசல் தங்கத்துக்கு 19.3.

மொதல்ல கல்லு எங்க கெடைக்கும்னு சொல்லிடறேன். நம்ம சிங்கப்பூர்ல பார்க்லயும் நேச்சர் ரிசர்வ்லயும் கல்லு எடுக்கக் கூடாது, சின்னதுதானேன்னு புள்ளைங்க பாக்கெட்ல போட்டுகிட்டு வந்துரும், பாத்துக்குங்க. மீன் தொட்டி சாமான் விக்கிற கடையில லாவா கல்லு ரெண்டு மூணு வகை இருக்கும், நர்சரியில தொட்டிக்கு மேல போடற கூழாங்கல்லு இருக்கும், முஸ்தஃபா மாதிரி பெரிய கடையில குதிகால் தேய்க்கிற கல்லு இருக்கும். அந்த குதிகால் கல்லுல பாதி மெஷின்ல செஞ்சது, அசல் பியூமிஸ்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க. நாலஞ்சு கல்லு போதும்.

அப்பறம் தராசு. கேக் செய்யறதுக்கு வச்சிருப்பீங்கள்ல, ஒரு கிராம் ஒரு கிராமா காட்டற டிஜிட்டல் தராசு, அதுவே போதும். ஆனா அத அப்படியே நம்பாதீங்க, மொதல்ல ஒரு சோதனை வைங்க. 2013ல வந்த புது ஒரு வெள்ளி (ஒரு டாலர்) காசு இருக்கு பாருங்க, மெர்லயன் போட்டது, அது ஒன்னு 7.62 கிராம். பத்து காச அடுக்கி வச்சா 76 காட்டணும். எங்க வீட்டு தராசு மொதல்ல 79 காட்டுச்சு. என்னடான்னு பாத்தா மேசை ஆடுது, தராசோட ஒரு கால் டைல்ஸ் இடுக்குல எறங்கியிருக்கு. எடத்த மாத்தி வச்சதும் 76க்கு வந்துருச்சு. காச ஒன்னொன்னா வச்சும் பாருங்க, ஒரு காசு வச்சா 8ன்னு காட்டும், ரெண்டு வச்சா 15, ஏன் 16 இல்லன்னு புள்ள கேக்கும். அந்தக் கேள்விய விட்றாதீங்க. தராசு உள்ளுக்குள்ள 7.62ன்னு பாத்துட்டு நமக்கு முழு நம்பரா சொல்லுது, அப்ப அது சொல்ற எதுலயுமே அரை கிராம் மேலயோ கீழயோ இருக்கலாம். இது புரிஞ்சா அளவெடுக்கறதுல பாதி புரிஞ்ச மாதிரி, டியூஷன்லகூட இத இவ்வளவு பச்சையா காட்ட மாட்டாங்க.

இப்ப 3.74 கதைக்கு வர்றேன். எம்பொண்ணு என்ன பண்ணியிருக்கான்னா, கல்ல நிறுத்தா 187 கிராம், அது சரி. அப்பறம் அரிசி தண்ணி அளக்கற பிளாஸ்டிக் ஜக்குல 300 மில்லி கோடு வரைக்கும் தண்ணி ஊத்தி, கல்ல போட்டு, தண்ணி 350 கோட்டுகிட்ட ஏறியிருக்கு, சரி 50ன்னு எழுதிட்டா. அந்த ஜக்குல கோடு 50 மில்லிக்கு ஒன்னுதான், 350க்கு மேல எவ்வளவு ஏறியிருக்குன்னு சொல்ல வழியே இல்ல, அதோட அவ நின்னுகிட்டு மேல இருந்து எட்டிப் பாத்திருக்கா, தண்ணியோட ஓரம் ஜக்கு சுவத்துல கொஞ்சம் மேல ஏறி ஒட்டிகிட்டு நிக்கும் வேற. கண்ண தண்ணி மட்டத்துக்கு நேரா எறக்கி, நடுவுல பள்ளமா இருக்கு பாருங்க, அந்த அடிமட்டத்தப் படிக்கணும். ஆனா எவ்வளவு குனிஞ்சு பாத்தாலும் அந்த ஜக்குக்கு அவ்வளவுதான் தெறம. ஸ்கூல் லேப்ல இருக்கற மாதிரி ஒல்லியான உயரமான சிலிண்டர்னா ஒரு மில்லி ரெண்டு மில்லிகூட தெரியும், ஆனா அதுல இந்த சைஸ் கல்லு நுழையாது.

அதுக்குத்தான் நூலு.

ஒரு அகலமான கிண்ணத்துல முக்கா பாகம் தண்ணி ஊத்தி தராசு மேல வைங்க, டேர் பட்டன அமுக்கி சைபர் ஆக்கிடுங்க. கல்ல தையல் நூலால குறுக்கும் நெடுக்குமா கட்டி, நூலோட மறுநுனிய கையில புடிச்சுகிட்டு மெதுவா தண்ணிக்குள்ள எறக்குங்க. கல்லு முழுசா முங்கணும், ஆனா அடியிலயும் சரி ஓரத்துலயும் சரி தொடக்கூடாது, தண்ணிக்கு நடுவுல தொங்கணும். இப்ப தராசு என்ன நம்பர் காட்டுதோ அதுதான் கல்லோட கொள்ளளவு, கிராமுக்குப் பதிலா சிசின்னு (கன சென்டிமீட்டர், அதாவது ஒரு மில்லி) படிச்சுக்குங்க. முடிஞ்சுது.

எம்பொண்ணு நம்பல. "கல்லத்தான் நான் புடிச்சிருக்கேனே, அப்பறம் தராசு எதுக்கு ஏறுது?"ன்னு. நல்ல கேள்விதான். தண்ணிக்குள்ள போற எதையும் தண்ணி மேல தள்ளும், ஸ்விம்மிங் பூல்ல நம்ம ஒடம்பு லேசா தெரியறது அதனாலதான். எவ்வளவு தள்ளும்னா, அந்தக் கல்லு புடிச்ச எடத்துல முன்னாடி எவ்வளவு தண்ணி இருந்துச்சோ அந்தத் தண்ணியோட எடை அளவுக்கு, இது ஆர்க்கிமிடீஸ் காலத்துச் சேதி. தண்ணி கல்ல மேல தள்ளுச்சுன்னா கல்லும் தண்ணிய அதே அளவுக்கு கீழ தள்ளும், அந்தத் தள்ளு கிண்ணம் வழியா தராசுக்குப் போவுது. ஒரு சிசி தண்ணி ஒரு கிராம், அதனால நம்பர் அப்படியே கொள்ளளவா ஆயிடுது. சரியா சொல்லணும்னா நம்ம ஊர் கொழாத் தண்ணி முப்பது டிகிரி பக்கம் இருக்கறதால ஒரு சிசி 0.996 கிராம்தான், ஆனா ஒரு கிராம் தராசுக்கு அந்த வித்தியாசம் ஏறாது, விட்டுடலாம்.

எங்களுக்கு 70 காட்டுச்சு. 187ஐ 70ஆல வகுத்தா கால்குலேட்டர் 2.6714285ன்னு நீட்டி முழக்கும். அவ அத்தனையும் எழுதப் போனா, நிறுத்துனேன். கல்ல தூக்கிட்டு திரும்ப எறக்குன்னேன், 71 வந்துச்சு. இன்னொரு தடவை, 70. ஒரு கிராம் இப்படியும் அப்படியும் ஆடுதுல்ல, 69னு வச்சு வகுத்தா 2.71, 71னு வச்சா 2.63. அதாவது உண்மையான பதில் இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு, அப்பறம் நாலாவது அஞ்சாவது டெசிமல எழுதறது சும்மா அலங்காரம். 2.67னு எழுதி, பக்கத்துல 2.63 - 2.71னு எழுதுனோம். கருங்கல்லுக்குள்ள பொருந்துது.

தப்பு வர்ற எடங்க சிலது இருக்கு. கல்ல ஈரத்தோட நிறுக்காதீங்க, எப்பவும் மொதல்ல காஞ்ச எடை, அப்பறம்தான் தண்ணி. கல்லு மேல காத்துக் குமிழ் முத்து முத்தா ஒட்டிகிட்டு இருக்கும், அதுவும் கொள்ளளவுல சேந்துரும், வெரலால தடவி விடுங்க. கை நடுங்குனா நம்பர் ஓடிகிட்டே இருக்கும், நாங்க ரெண்டு பெரிய மைலோ டின் மேல ஒரு மரக்கரண்டிய பாலம் மாதிரி வச்சு அதுல நூல கட்டிட்டோம். சின்னக் கல்லுக்கு இது சரிப்படாது, இருபது கிராம் கல்லுன்னா கொள்ளளவு ஏழு எட்டுதான் வரும், அதுல ஒன்னு ஆடுனா கணக்கே நாசம். கல்லு எவ்வளவு பெருசோ அவ்வளவு நல்லது, கிண்ணத்துல முங்கணும் அவ்வளவுதான்.

இதெல்லாம் பாத்துகிட்டு இருந்த எங்க அத்தை, மாமியாரத்தான் சொல்றேன், கையில இருந்த மோதிரத்த கழட்டிக் குடுத்து "இது 916தானா பாரு"ன்னாங்க. கிச்சன் தராசுல மோதிரம் 6 கிராம், தண்ணில தொங்க விட்டா நம்பர் சைபர்ல இருந்து அசையவே இல்ல. அத்தைக்கு முகம் வாடிருச்சு. தங்கத்துல கோளாறில்ல அத்தை, தராசுக்குத்தான் கண்ணு பத்தலன்னு சொல்லி, அப்பறம் 0.01 கிராம் காட்டற சின்ன பாக்கெட் தராசு ஆன்லைன்ல வாங்கிப் பாத்தோம், 6.12 கிராம், தண்ணில 0.35, வகுத்தா 17.5 பக்கம். 916ங்கறது 22 கேரட், அதுக்கு 17, 18 பக்கம்தான் வரும். ஆனா 0.35 ஒரு புள்ளி ஆடி 0.34 ஆனாலே 18, 0.36 ஆனா 17. தங்கந்தான்னு தைரியமா சொல்லலாம், சரியா எத்தன கேரட்டுன்னு இந்த தராசு சொல்லாது. கல்லு பதிச்ச நகை, உள்ள கூடா இருக்கற வளையல் இதுலல்லாம் இந்த வேலைய காட்டாதீங்க, குடும்பத்துல கலகம் வந்துரும்.

மெதக்கற கல்லுதான் இருக்கறதுலயே ஜாலி. குதிகால் பியூமிஸ நூல் கட்டாம அப்படியே தண்ணில விடுங்க, மெதக்கும், அப்ப தராசு காட்டறது அதோட எடை. எங்களுக்கு 38. இப்ப ரெண்டு சத்தே குச்சியால மேல இருந்து அமுக்கி தண்ணிக்கு சரியா அடியில கொண்டு போங்க, வெரலு தண்ணில படக்கூடாது. இப்ப காட்டறது கொள்ளளவு, எங்களுக்கு 59. 38ஐ 59ஆல வகுத்தா 0.64, ஒன்னுக்குக் கம்மி, அதான் மெதக்குது. 1883ல கிராக்கத்தோவா எரிமலை வெடிச்சப்ப இந்த மாதிரி கல்லுங்க கூட்டங்கூட்டமா கடல்ல மெதந்து ஆப்பிரிக்கா கரை வரைக்கும் போயிருக்கு. கிராக்கத்தோவா ஒன்னும் நமக்கு ரொம்ப தூரமில்ல, சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் நடுவுல.

லாவா கல்லு கொஞ்சம் படுத்தும். ஓட்டை ஓட்டையா இருக்கும், தண்ணில எறக்குன ஒடனே புஸ்ஸுன்னு குமிழி வரும், 61 கிராம் கல்லுக்கு மொதல்ல 44 காட்டுச்சு, நாங்க பாத்துகிட்டு இருக்கும்போதே 40, 37, கால் மணி நேரத்துல 31ல வந்து நின்னுச்சு. இதுல எது சரி? ரெண்டுமே சரி. மொதல்ல வந்தது ஓட்டையோட சேத்து முழுக் கல்லு, 1.4 பக்கம். கடைசியில வந்தது தண்ணி போய் ரொம்புன ஓட்டைய கழிச்சுட்டு மிச்சம், 2 பக்கம். எந்த நம்பர எழுதுனாலும் எத்தன நிமிஷத்துல எடுத்ததுன்னு பக்கத்துல எழுதணும், இல்லன்னா அடுத்த வாரம் நமக்கே புரியாது.

நம்பர் ஒரு பக்கம் இருக்கட்டும், பாக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. நோட்டுல நடுவுல கோடு போட்டு எடப்பக்கம் "பாத்தது", வலப்பக்கம் "நெனச்சது"ன்னு எழுதச் சொல்லுங்க. புள்ளைங்க எடுத்த எடுப்புல "கிரானைட்"னு எழுதும், அது பாத்தது இல்ல, நெனச்சது. பாத்தது எப்படி இருக்கணும்னா, நாங்க அந்த 187 கிராம் கல்லுக்கு எழுதுனத சொல்றேன்: மூணு விதமான மணி தெரியுது, உளுந்து சைஸ். ஒன்னு பால் வெள்ளை, கல்ல திருப்புனா ஒரு கோணத்துல கண்ணாடி ஜன்னல் மாதிரி பளிச்னு மின்னுது, அந்த மொகம் தட்டையா இருக்கு. ரெண்டாவது மங்கலான சாம்பல், ஒடஞ்ச கண்ணாடி மாதிரி, தட்டை மொகமே இல்ல, எந்தப் பக்கம் திருப்புனாலும் மின்னல. மூணாவது கருப்பு, ஊசியால நோண்டுனா செதில் செதிலா வருது. இவ்வளவும் எழுதுனதுக்கு அப்பறம் வலப்பக்கம், வெள்ளை ஃபெல்ட்ஸ்பார், சாம்பல் குவார்ட்ஸ், கருப்பு பயோடைட் மைக்கா, அப்ப மொத்தமா கிரானைட், அதான் நம்ம கருங்கல்லு. பூதக்கண்ணாடி இருந்தா அத கண்ணுகிட்ட ஒட்டி வச்சுகிட்டு கல்ல கிட்ட கொண்டு வாங்க, எல்லாரும் தலைகீழா கண்ணாடிய கல்லு மேல வச்சுட்டு தூரமா நின்னு பாக்கறாங்க. போட்டோ எடுத்தா பக்கத்துல ஒரு வெள்ளி காச வைங்க, அதோட அகலம் 24.65 மில்லிமீட்டர், பின்னாடி போட்டோவுல இருந்தே மணியோட சைஸ் கணக்குப் பண்ணிக்கலாம்.

வெளிச்சத்த நேரா அடிக்காம போன் டார்ச்ச பக்கவாட்டுல படுக்க வச்சு அடிங்க, மேடு பள்ளம் நெழல் விழுந்து எழும்பி நிக்கும். இது இன்னைக்கு நேத்து வித்தையில்ல. சிங்கப்பூர் ஆத்து வாயில ஒரு பெரிய மணற்பாறை இருந்துச்சுல்ல, யாராலயும் படிக்க முடியாத எழுத்து வெட்டுனது, 1843ல அத வெடி வச்சுத் தகர்த்துட்டாங்க, மிஞ்சுன ஒரு துண்டு இப்ப நேஷனல் மியூசியத்துல இருக்கு. ஒடைக்கறதுக்கு சில வருஷம் முன்னாடி வில்லியம் பிளாண்ட்னு ஒரு டாக்டர் அந்த எழுத்த படி எடுத்தாரு, எப்படின்னா நல்லா பெசஞ்ச மெதுவான மாவ எழுத்து மேல அமுக்கி எடுப்பாரு, நம்ம சப்பாத்தி மாவு கணக்கா. அப்பறம் கண்ணுக்குத் தெரியற எழுத்த வெள்ளை பெயிண்டால வரைவாரு, மாவுல விழுந்த அச்சும் கண்ணு பாத்ததும் ஒத்துப்போனாத்தான் சரின்னு ஏத்துக்குவாரு. தேஞ்ச எழுத்துக்கு சாயங்கால வெயில் சாயற நேரமா பாத்து நிப்பாரு. நாங்க ஜக்குலயும் நூலுலயும் ரெண்டு வழியில அளந்து ஒத்துப் பாத்ததும் இதேதான்.

வெளிய போனா அளக்கறதுக்கு சிங்கப்பூர்லயும் எடம் இருக்கு, கல்ல எடுக்காமலே. புக்கிட் தீமா, புலாவ் உபின் ரெண்டும் கிரானைட், உபின் கல்லுதான் 1851ல முடிஞ்ச ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் அப்பறம் ஜொகூர் காஸ்வேக்கும் போச்சு. புக்கிட் பாத்தோக் லிட்டில் குய்லின் பாறைய எல்லாரும் கிரானைட்னுதான் சொல்லுவாங்க, ஆனா மண்ணியல் ஆளுங்க அத நோரைட், காப்ரோ வகைன்னு சொல்றாங்க, இன்னும் கருப்பு, இன்னும் கனம், 2.9 3ன்னு போகும். லேப்ரடார் பார்க் பக்கம் போனா பாறை அடுக்கடுக்கா சாஞ்சு நிக்கும், போன்ல இருக்கற லெவல் ஆப்ப தொறந்து, தூரமா நின்னுகிட்டே போனோட ஓரத்த அந்த அடுக்கோட கோட்டுக்கு இணையா கண்ணுக்கு நேரா புடிச்சா எத்தன டிகிரி சாய்வுன்னு காட்டும். மூணு தடவை எடுங்க, நீங்க ஒரு தடவை, புள்ள ரெண்டு தடவை.

ஒரு ராத்திரி எம்பொண்ணு கேட்டா, அம்மா பூமிய யாராவது நிறுத்திருக்காங்களான்னு. 1798ல ஹென்றி கேவண்டிஷ்னு ஒருத்தர் லண்டன்ல ஒரு அறைக்குள்ள ஈயக் குண்டுங்கள கம்பியில தொங்க விட்டு, அதுங்க ஒன்ன ஒன்னு இழுக்கற இழுப்ப அளந்து, பூமி மொத்தமும் தண்ணிய விட 5.448 மடங்கு அடர்த்தின்னு கணக்கு போட்டாரு. இப்பத்த கணக்கு 5.51. தான் கிட்டப் போனா காத்து அசைஞ்சு அளவு கெட்டுரும்னு அறைக்கு வெளிய இருந்து டெலஸ்கோப் வச்சுப் பாத்தாராம், நம்ம மரக்கரண்டி பாலம் மாதிரி. இப்ப அவ நோட்டப் பாத்தா கருங்கல்லு 2.67, கருப்புக் கூழாங்கல்லு 2.9, எதுவுமே மூண தாண்டல. "அப்ப கீழ என்னம்மா இருக்கு?"ன்னா. மேல் ஓடு 2.7, 3ன்னு இருந்து மொத்தம் 5.5 வரணும்னா நடுவுல ரொம்ப கனமான எதுவோ இருந்தே ஆகணும், அது பெரும்பாலும் இரும்பு, அங்க அடர்த்தி பத்துக்கு மேல போகுது. அவளே ரெண்டு நிமிஷம் யோசிச்சு இரும்புன்னு சொன்னா, நான் சொல்லல.

வேல முடிஞ்சதும் கல்லுக்கெல்லாம் நெயில் பாலிஷால ஒரு சின்ன நம்பர் போட்டு வைங்க, ஓட்டைக் கல்லுல போடாதீங்க உள்ள எறங்கிரும். லாவா கல்ல ஜன்னல் ஓரத்துல காய வச்சோம், மறுநாள் காலையில நிறுத்தா 61க்குப் பதிலா 70, நம்ம ஊர் ஈரத்துக்கு ஒரு நாள் எங்க பத்தும். மூணாவது நாள் 63. நாலாவது நாள் அவ ஸ்கூல் யூனிஃபார்மோட வந்து நிறுத்துட்டு "61!"ன்னு கத்துனா, பஸ்ஸ விட்டுட்டா.